தூண்கள் சாய்ந்த தேசம்

1954-ஆம் ஆண்டு மே மாதக் கடைசியில், நெதர்லாந்து தேசத்துக் கத்தோலிக்க ஆயர்கள் ஒருங்கே கையொப்பமிட்டு ஒரு நிருபம் வெளியிட்டார்கள். சோஷலிஸ்டுத் தொழிற்சங்கத்தில் அங்கத்தினராவதும், அவர்களுடைய பத்திரிகைகளை ஒழுங்காக வாசிப்பதும், அவர்களுடைய வானொலிச் சங்கமாகிய 'வாரா'வின் நிகழ்ச்சிகளை வழக்கமாகக் கேட்பதும் கத்தோலிக்கருக்குத் தகாத செயல்கள் என்றும், அச்சங்கத்தில் பிடிவாதமாக நீடிப்பவனுக்குத் தேவதிரவிய அநுமானங்கள் மறுக்கப்படும் என்றும், அந்நிலையிலேயே அவன் இறந்து போனால் திருச்சபை முறைப்படி அடக்கமும் கிடையாது என்றும் அந்த நிருபம் எச்சரித்தது.

இன்று அதனைப் படிப்பவர்களுக்கு அதன் கடுமையே பெரிதாகத் தோன்றும். ஆனால் அத்தேசத்துக் கத்தோலிக்கரில் மிகப் பெரும்பாலோர் அந்த ஒழுங்குக்குள்ளேயே பிறந்து, வளர்ந்து, வாக்களித்து வந்தார்கள். ஒன்பது ஆண்டுகள் கழிந்து, 1963-இல் நடந்த பொதுத் தேர்தலில்கூட, நூற்றைம்பது ஸ்தானங்கள் கொண்ட கீழ்ச்சபையில் கத்தோலிக்க மக்கள் கட்சி 50 ஸ்தானங்களைப் பெற்றது. பிராட்டஸ்டண்டு மதத்தாரின் இரு பெருங்கட்சிகளும் தலைக்குப் பதின்மூன்று பெற்றன. ஆகவே மூன்று கிறிஸ்தவக் கட்சிகளுக்கும் சேர்ந்து 76 ஸ்தானங்கள் இருந்தன. பாதிக்கு ஒன்று அதிகம். அம்மூன்றும் பிற்காலத்தில் ஒன்றாகக் கலந்து 'கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி' ஆயின. அந்தக் கட்சி 2023-ஆம் ஆண்டுத் தேர்தலில் பெற்ற ஸ்தானங்கள் ஐந்து.

ஐரோப்பாவில் கிறிஸ்தவம் தேய்ந்து வருகிறது என்ற செய்தியை நாம் அடிக்கடி கேட்கிறோம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021-இல் எடுத்த ஜனத்தொகைக் கணக்கில், தம்மைக் கிறிஸ்தவர் என்று பதிந்துகொண்டோர் முதன்முறையாகப் பாதிக்குக் குறைந்து, நூற்றுக்கு 46 ஆயினர். ஜெர்மனியில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டோர் கத்தோலிக்கச் சபையிலிருந்து சட்டப்படி பெயரை நீக்கிக்கொண்டார்கள். 1979-இல் பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல் டப்ளின் நகரின் ஃபீனிக்ஸ் பூங்காவில் பூசை நிறைவேற்றியபோது பத்து லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் கூடிய அயர்லாந்தில், 2018-இல் நடந்த பொதுவாக்கெடுப்பில், கருக்கலைப்புக்கு இருந்த அரசியல் சட்டத் தடையை நீக்க வேண்டுமென்று மூன்றில் இரண்டு பங்கினர் வாக்களித்தனர். இவை விசுவாசத்தைப் பற்றிய செய்திகள். விசுவாசம் குன்றியபோது ராஜ்ய காரியங்களில் என்ன நேர்ந்தது என்ற கேள்விக்குப் பல தேசங்களின் புள்ளிகளை அடுக்குவதைவிட ஒரே தேசத்தை ஊன்றிப் பார்ப்பதே பயனுடையது என்பது என் அபிப்பிராயம். நாகப்பட்டினத்திலும் பழவேற்காட்டிலும் யாழ்ப்பாணத்திலும் கோட்டை வைத்திருந்த ஒல்லாந்தர் என்று நம் முன்னோர் அறிந்திருந்த அதே ஜனங்களின் தேசம், வேறெந்தத் தேசத்தையும்விட அதற்குத் தெளிவாக விடை சொல்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அத்தேசத்தை ஆண்டவர்கள் பெரும்பாலும் லிபரல் கட்சியினர். பொதுப் பள்ளி எந்த மதத்தையும் சாராததாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. தம் பிள்ளைகளுக்கு வேதத்தைச் சேர்த்துப் போதிக்க விரும்பிய எளிய குடும்பத்தினர், சர்க்காருக்கு வரியும் கட்டித் தம் சொந்தப் பள்ளிக்குப் பணமும் கொடுக்க வேண்டியிருந்தது. 1878-இல் பள்ளிகளின் தரத்தை உயர்த்தும் சட்டம் ஒன்று வந்து அந்தச் செலவை மேலும் பெருக்கியபோது, அதில் கையொப்பமிட வேண்டாமென்று அரசரை வேண்டி 3 லட்சத்துக்கு மேற்பட்ட பிராட்டஸ்டண்டுகள் ஒரு விண்ணப்பம் அனுப்பினார்கள். கத்தோலிக்கர் தனியே இன்னொன்று அனுப்பினார்கள். கையொப்பமிட்டவர்களில் பலர் வாக்குரிமையே இல்லாதவர்கள். அரசர் சட்டத்தில் கையொப்பமிட்டுவிட்டார். ஆயினும், அந்த ஜனத்திரளைக் கண்ட ஆபிரகாம் கைப்பர் என்னும் போதகர், மறு ஆண்டே பிராட்டஸ்டண்டுகளைத் திரட்டி ஒரு கட்சியை நிறுவினார். அதுவே அத்தேசத்தின் முதல் நவீன அரசியல் கட்சி. அதற்கு முன்பே ஒரு தினசரிப் பத்திரிகையைத் தொடங்கியிருந்த அவர், 1880-இல் ஆம்ஸ்டர்டாமில் சுதந்திரமான ஒரு பல்கலைக்கழகத்தையும் ஸ்தாபித்து, 1901-இல் பிரதம மந்திரியும் ஆனார்.

நாற்பது ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு, 1917-இல் ஒரு சமாதானம் ஏற்பட்டது. மதச் சார்புள்ள பள்ளிகளுக்கும் பொதுப் பள்ளிகளுக்குச் சமமாகச் சர்க்கார் பணம் தரும் என்பது அதன் ஒரு பாதி. வயதுவந்த ஆண்கள் அனைவருக்கும் வாக்குரிமையும், பெற்ற வாக்குகளின் விகிதப்படி ஸ்தானங்களும் என்பது மறு பாதி. மதக் கட்சிகள் முன்னதைப் பெற்றன. சோஷலிஸ்டுகளும் லிபரல்களும் பின்னதைப் பெற்றனர். மறு ஆண்டு முதல் 1994 வரையில், ஏதேனும் ஒரு கிறிஸ்தவக் கட்சி இல்லாத மந்திரி சபை அத்தேசத்தில் அமைந்ததே இல்லை.

இந்தச் சமாதானத்தின் மேல் எழுந்த சமூக ஏற்பாட்டைத்தான் டச்சுக்காரர் தூண்கள் என்று குறிப்பிடுகிறார்கள். கத்தோலிக்கர் ஒரு தூண், பிராட்டஸ்டண்டுகள் ஒரு தூண், சோஷலிஸ்டுகள் ஒரு தூண். இவற்றுக்கு வெளியே லிபரல்கள். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த குழந்தையைப் பார்க்க வந்த தாதி கத்தோலிக்கச் சங்கத்தைச் சேர்ந்தவள். அக்குழந்தை படித்த பள்ளி, வளர்ந்தபின் சென்ற நைமேகன் பல்கலைக்கழகம், வீட்டில் வாங்கிய 'வோல்க்ஸ்கிராண்ட்' பத்திரிகை, கேட்ட வானொலிச் சங்கம், சேர்ந்த தொழிற்சங்கம், நிலம் இருந்தால் சேர்ந்த விவசாயிகள் சங்கம், எல்லாம் கத்தோலிக்கம். ஆடு வளர்ப்போருக்குக்கூடக் கத்தோலிக்கச் சங்கம் இருந்தது. அடுத்த வீட்டுப் பிராட்டஸ்டண்டுக்காரனும் இதேபோல் தன் சங்கங்களுக்குள் வாழ்ந்து முடித்தான். இருவரும் ஒரே தெருவில் இருந்தும் ஒருவரையொருவர் அறியாமல் காலம் கழிப்பது சாதாரணமாக இருந்தது.

சிறைவாசம் போன்ற இந்த வாழ்க்கையைப் புகழ்வதற்கில்லை. மனச்சாட்சியை அடக்கத்தின் பெயரால் அச்சுறுத்திய நிருபம் அதன் உள்ளிருந்தே பிறந்தது. எனினும் இந்த ஏற்பாட்டில் பிறர் எளிதில் காணாத ஒரு குணம் இருந்தது. ஒரே கத்தோலிக்கக் கட்சிக்குள் சுரங்கத் தொழிலாளியும் இருந்தான், சுரங்கத்தை நடத்துவோரும் இருந்தார்கள். குத்தகை விவசாயி, கடைக்காரர், பேராசிரியர் எல்லோரும் இருந்தார்கள். ஆகவே கூலி, வாடகை, விளைபொருள் விலை ஆகிய வழக்குகள் நாட்டின் முன் வருவதற்கு முன்பே கட்சிக்குள் வந்து, சண்டையிட்டு, பாதி தணிந்த பிறகே வெளியே சென்றன. வெளியே சென்றபின், மற்றத் தூண்களின் தலைவர்களோடு அமர்ந்து பேசி உடன்பாடு காண்பது கட்சித் தலைவர்களின் கடமை. அவர்கள் கண்ட உடன்பாட்டை ஏற்பது அணியினரின் வழக்கம். அரென்ட் லைபார்ட் என்னும் அரசியல் அறிஞர், ஆழ்ந்து பிளவுபட்ட ஒரு சமூகம் எவ்வாறு அமைதியான ஜனநாயகமாக இருக்க முடிந்தது என்பதற்கு இதனையே காரணமாகக் காட்டி 1968-இல் ஒரு நூல் எழுதினார். உலகப் புகழ் பெற்ற அந்த நூல் வெளியானபோது, அது வருணித்த ஏற்பாடு சரிந்துகொண்டிருந்தது.

ஏன் சரிந்தது? எதிரிகள் யாரும் வந்து தாக்கவில்லை. அதன் உட்புறத்து மனிதர்களே, பெரும்பாலும் நல்லெண்ணத்தோடு, ஒவ்வொரு கட்டையும் அவிழ்த்தார்கள். மார்கா கிளாம்பே என்னும் அம்மையார், கத்தோலிக்கக் கட்சியைச் சேர்ந்தவர், 1956-இல் அத்தேசத்தின் முதல் பெண் மந்திரியானவர். அவர் கொண்டுவந்து 1965-இல் அமலான உதவிச் சட்டம், வறியவனுக்குக் கிடைக்கும் உதவியைத் தர்மமாக அன்றி உரிமையாக்கியது. அதற்கு முன், வேலையிழந்தவனும் விதவையும் பங்குக் குருவின் அல்லது சபை மூப்பர்களின் வாசலில் நிற்க வேண்டியிருந்தது. அந்த நிலையை ஒழித்தது மிகப் பெரிய நன்மை; அதனை ஒழித்தவர் உண்மையான கிறிஸ்தவ அன்பினாலேயே ஒழித்தார். அதே சமயத்தில், ஜனங்களைத் திருச்சபையோடு பிணைத்த உறுதியான கயிறு ஒன்றும் அறுந்தது.

தொலைக்காட்சியும் தன் பங்கைச் செய்தது. நாடு முழுவதும் ஒரே அலைவரிசை இருந்த அந்நாளில், வேறு வழியின்றி எல்லோரும் எல்லாத் தூண்களின் நிகழ்ச்சிகளையும் பார்த்தார்கள். தாம் தூரத்திலிருந்து அஞ்சிய சோஷலிஸ்டு, தம்மைப் போன்ற மனிதனாகவே கண்ணுக்குத் தெரிந்தான். அந்தத் தொலைக்காட்சியிலேயே 1963-இல் தோன்றிய ஆயர் பெக்கர்ஸ், எத்தனை குழந்தைகள் வேண்டும் என்பது தம்பதிகளின் மனச்சாட்சியைப் பொறுத்தது என்று சாந்தமாகச் சொன்னார். ஆயரே அவ்வாறு கூறக் கேட்டபோது அன்றிரவு எத்தனை வீடுகளில் பெண்கள் நெஞ்சின் பாரம் இறங்கியிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கிறேன். ஐந்தாண்டுகள் கழித்து ரோமாபுரியிலிருந்து வந்த நிருபம் செயற்கைக் கருத்தடையை முற்றிலும் விலக்கியபோது, அவர்களில் பலர் தம் முடிவை மாற்றிக்கொள்ளாமல் ஆலயத்துக்கு வருவதை நிறுத்தினார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் உற்சாகத்தில் டச்சுத் திருச்சபை கூட்டிய மேய்ப்புப்பணிப் பேரவை, 1970-இல் குருக்களின் கட்டாய மணத்துறவை நீக்கக் கோரியது. ரோமாபுரி அதை மறுத்ததோடு பழமைப் பற்றுடைய ஆயர்களை நியமித்தது. 1966-இல் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக் கத்தோலிக்கர் ஞாயிறு பூசைக்குச் சென்றனர். பத்தாண்டுகளில் அது ஏறத்தாழ மூன்றில் ஒன்றானது. வேறெந்த ஸ்தாபனமும் சமாதான காலத்தில் இவ்வளவு விரைவாகத் தன் ஜனங்களை இழந்ததாக நான் அறியேன்.

ஸ்தாபனங்கள் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன. வோல்க்ஸ்கிராண்ட் பத்திரிகை 1965-இல் தன் தலைப்பிலிருந்து 'கத்தோலிக்க' என்ற அடைமொழியை நீக்கியது. அதே ஆண்டில் ஆயர்கள் 1954-இன் தடைகளை விலக்கிக்கொண்டார்கள். எந்தச் சோஷலிஸ்டுச் சங்கத்தில் சேர்ந்தால் அடக்கம் மறுக்கப்படும் என்றார்களோ, அந்தச் சங்கத்தோடு கத்தோலிக்கத் தொழிற்சங்கமே 1976-இல் கூட்டுச் சேர்ந்து, சில ஆண்டுகளில் ஒன்றாய்க் கலந்துவிட்டது. கத்தோலிக்கக் கட்சியோ 1963-இல் 50 ஸ்தானங்களிலிருந்து 1967-இல் 42, 1971-இல் 35, 1972-இல் 27 என்று இறங்கி, நூற்றாண்டுகளாக வேறுபட்டு நின்ற பிராட்டஸ்டண்டுகளோடு சேர்ந்தாலொழியப் பிழைக்க வழியில்லை என்று கண்டு, 1977-இல் அவர்களோடு ஒரே பட்டியலில் நின்றது.

ரூட் லூபர்ஸ் என்னும் திறமைசாலியின் தலைமையில் அப்புதிய கட்சி பன்னிரண்டு ஆண்டுகள் ஆட்சி செய்தது உண்மைதான். ஆனால் 1994-இல் அது ஒரே தேர்தலில் 20 ஸ்தானங்களை இழந்து 34-க்கு வந்தது. சோஷலிஸ்டுகளும் லிபரல்களும் கூடி, 76 ஆண்டுகளில் முதல்முறையாகக் கிறிஸ்தவக் கட்சி இல்லாத மந்திரி சபையை அமைத்தனர். ஒரே பாலினத்தவர் விவாகத்தை உலகில் முதலாவதாக 2001 ஏப்ரலில் அமலாக்கியதும், வைத்தியர் உதவியோடு உயிர் விடுவதைக் கடுமையான நிபந்தனைகளோடு அனுமதிக்கும் சட்டத்தை நிறைவேற்றியதும் அந்த ஆட்சியே. ஐரோப்பாவில் கிறிஸ்தவம் குன்றியதன் அரசியல் விளைவு என்று வழக்கமாகக் குறிப்பிடப்படுவன இச்சட்டங்களே. இவற்றைவிட முக்கியமான விளைவு வேறிடத்தில் இருப்பதாக நான் கருதுகிறேன். அதனைக் காண லிம்பர்க் மாகாணத்துக்குச் செல்ல வேண்டும்.

லிம்பர்க், தேசத்தின் தென்கோடியில் உள்ள கத்தோலிக்க மாகாணம், நிலக்கரி பூமி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுரங்கங்கள் திறந்து, ஊர் பெயர் தெரியாத தொழிலாளர் வந்து குவிந்தபோது, ஹென்றி பூல்ஸ் என்னும் குரு அவர்களுக்குச் சங்கம் அமைத்தார், தோட்டத்தோடு கூடிய வீடுகளைக் கட்டுவித்தார். கடன், சண்டை, நோய், வேலை எதுவாயினும் போய்ச் சொல்ல ஓர் இடம் இருந்தது. 1965 டிசம்பரில் சுரங்கங்கள் மூடப்படும் என்று சர்க்கார் அறிவித்தது. 1974-இல் கடைசிச் சுரங்கமும் மூடப்பட்டது. இவ்வாறாக அந்த ஜனங்கள் வேலையையும் திருச்சபையையும் ஏறத்தாழ ஒரே பத்தாண்டில் இழந்தார்கள். அவர்கள் பெற்ற மாற்று வேலைகள் போதவில்லை. இழந்த சங்க வாழ்க்கைக்கு மாற்று யாதொன்றும் வரவில்லை. ஒரு காலத்தில் கத்தோலிக்கக் கட்சியின் அசைக்க முடியாத கோட்டையாயிருந்த அம்மாகாணத்தில் 2010-ஆம் ஆண்டுத் தேர்தலில் முதலிடம் பெற்றது கீர்ட் வில்டர்ஸின் கட்சி. குடியேற்றத்தையும் இஸ்லாத்தையும் எதிர்ப்பதே அதன் பிரதான கொள்கை. வில்டர்ஸ் அம்மாகாணத்து வென்லோ நகரில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, திருச்சபையை விட்டு விலகியவர்.

அவருடைய கட்சியின் அமைப்பைச் சற்றே கவனிக்க வேண்டும். அதன் சட்டபூர்வமான அங்கத்தினர் அவர் ஒருவரே. அதற்குக் கிளைகள் இல்லை, தொழிற்சங்கம் இல்லை, விவசாயிகள் சங்கம் இல்லை, உள்ளே ஒருவரோடொருவர் வழக்காடி இணங்க வேண்டிய வர்க்கங்கள் இல்லை. 2023-இல் அது 37 ஸ்தானங்களோடு சபையிலேயே பெரிய கட்சியாயிற்று. அத்தேசத்தின் 'யூத-கிறிஸ்தவ நாகரிகத்தை'க் காக்க வேண்டும் என்று பேசும் அந்தக் கட்சியின் கையில், கிறிஸ்தவம் என்பது வணங்கி வாழும் மதம் என்ற நிலையிலிருந்து, நாம் யார், பிறர் யார் என்று பிரித்துக் காட்டும் வேலியாக மாறிவிட்டது. வேதத்தின்படி வாழ முயல்பவர் மிகுதியாயிருந்த காலத்தில் அந்தப் பெயரைச் சொன்ன கட்சிகள் அகதிக்கும் ஏழைக்கும் கடமைப்பட்டவையாகத் தம்மைக் கருதின. கடமையை உதறிய பிறகு பெயரை மட்டும் எடுத்தாள்வது எனக்கு மிகுந்த வேதனையைத் தருகிறது. மேற்கு ஐரோப்பாவின் பல தேர்தல்களை ஆராய்ந்தோர், ஒழுங்காக ஆலயத்துக்குச் செல்வோர் பழைய கிறிஸ்தவக் கட்சிகளோடு நின்றமையால் இத்தகைய கட்சிகளின் வசம் எளிதில் செல்லவில்லை என்று கண்டிருப்பது இதற்குப் பொருந்துகிறது.

கட்டு விட்ட வாக்காளர் வில்டர்ஸிடம் மட்டும் சென்றார் என்று நினைப்பது தவறு. கிறிஸ்தவக் கட்சியின் கிராமத்து ஆதரவாளர் பலர் 2019-இல் தோன்றிய விவசாயிகள் கட்சிக்குச் சென்று, 2023-இன் மாகாணத் தேர்தல்களில் அதனை முதலிடத்தில் வைத்தனர். அவ்வாண்டின் பொதுத் தேர்தலில், கிறிஸ்தவக் கட்சியிலிருந்து பிரிந்த பீட்டர் ஓம்ட்சிக்ட் தொடங்கிய புதுக் கட்சி 20 ஸ்தானங்கள் பெற்று, இரண்டே ஆண்டுகளில் ஒன்றுமில்லாமல் போயிற்று. 2021-இல் சபைக்குள் நுழைந்த கட்சிகள் பதினேழு. அத்தேர்தலுக்குப் பின் மந்திரி சபை அமைக்க 299 நாட்கள் பிடித்தன. தலைவர்கள் உடன்பாடு காண்பதிலும், கண்ட உடன்பாட்டை அணியினர் பொறுப்பதிலும் பேர்பெற்ற தேசத்தில் இது நேர்ந்தது. 2025-இல் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி 18 ஸ்தானங்களுக்கு மீண்டது. பழைய தூண் மீளவில்லை. 1960-இல் நூற்றுக்கு 18 பேரே மதமற்றோர் என்று பதிந்திருந்த நாட்டில், 2017-க்குள் அவர்களே பாதிக்கு மேற்பட்டுவிட்டனர்.

1917-இன் சமாதானத்தில் ஒரு பகுதி மட்டும் இன்றும் உயிரோடிருக்கிறது. தொடக்கப் பள்ளிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, சர்க்கார் பணத்தில் நடக்கும் தனியார் பள்ளிகள். அவற்றில் மிகப் பலவற்றின் பெயரில் கிறிஸ்தவம் இருக்கிறது, பிள்ளைகளின் வீடுகளில் பெரும்பாலும் இல்லை. அதே சட்டத்தின் கீழ் 1988 முதல் முஸ்லிம் பள்ளிகளும், சூரினாமிலிருந்து வந்த இந்துக்களின் பள்ளிகளும் அமைந்திருக்கின்றன. கைப்பரின் ஆதரவாளர்கள் தங்களுக்காகக் கேட்டுப் பெற்ற உரிமை, அவர்கள் கனவிலும் கண்டிராதவர்களுக்கு நிழலாயிருக்கிறது. அந்த உரிமையை முஸ்லிம்களுக்கு மட்டும் மறுக்க வேண்டும் என்று உரத்துப் பேசுவோர், கிறிஸ்தவ நாகரிகத்தின் பெயரால் பேசுவோரே.

எனவே, ஐரோப்பாவின் கிறிஸ்தவ நாகரிகத்தைக் காக்கப் புறப்பட்டிருப்பதாக ஒரு தலைவர் முழங்கிய செய்தியைப் பத்திரிகையில் காணும்போது, அவருக்கு எத்தனை ஸ்தானங்கள் கிடைத்தன என்பதோடு நின்றுவிடாமல், அவருடைய ஊரில் இன்றும் ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குச் செல்கிறவர்கள் யாருக்கு வாக்களித்தார்கள் என்பதையும் சேர்த்து விசாரிக்கும்படி வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.